சொல்லை முடிப்பது யார்?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினித் திரையின்முன் அமர்ந்து தமிழர் ஒருவர் எழுதத் தொடங்குகின்றார். இரண்டு மூன்று எழுத்துகள் விழுந்தவுடனே, அடுத்த எழுத்துக்குக் கை நகருமுன், முழுச்சொல்லும் திரையில் மங்கலாய்த் தோன்றுகின்றது. ஒரு விசையைத் தட்டினால் அது வரியில் வந்து நின்றுவிடுகின்றது. கைக்கு ஓய்வு; நேரமும் எஞ்சுகின்றது. எழுதுபவர் மகிழ்கின்றார். ஆயினும் அவர் எழுத எண்ணியது அச்சொல்தானா? அன்றி, அது முன்வந்து நின்றதால் 'சரி, இதுவே இருக்கட்டும்' என்று விட்டுவிட்டாரா? சொல்லை முடித்தது அவரா, பொறியா?

பார்வைக்குச் சிறிய வினா. ஆனால் நாள்தோறும் எண்ணற்ற தமிழர் கைகளில் ஓயாமல் நிகழ்வது இது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு சொல் வாழ்கின்றது. அதனோடு போட்டியிட்ட மற்றொரு சொல் வழக்கிலிருந்து ஓரடி பின்வாங்குகின்றது. ஆகவே இது கையின் ஓய்வைப் பற்றிய பேச்சன்று. மொழியின் வாழ்வைப் பற்றிய பேச்சு.

இருவேறு கருவிகள்

எழுதவும் திருத்தவும் ஒழுங்கு செய்யவும் பயன்படும் கணினி மென்பொருளைச் சொற்செயலி என்கின்றோர், அதனுள் எழுதுபவரின் உழைப்பைக் குறைக்கும் கருவிகள் இருவகை என்பதைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. இரண்டையும் ஒன்றென மயங்குதலே முதற்பிழை.

ஒன்று, குறுக்க விரிப்பு. நீண்ட சொல்லுக்கோ தொடருக்கோ எழுதுபவரே ஒரு குறுக்கத்தை முன்கூட்டி அமைத்து வைக்கின்றார். அக்குறுக்கத்தை எழுதி, விசைப்பலகையின் மேல்வரியிலுள்ள எஃப்3 விசையைத் தட்டினால் முழுத்தொடரும் விரிகின்றது. மைக்குரோசாப்டு வேர்டிலும், எவரும் விலையின்றிப் பெறத்தக்க இலிபிரே ஆபிசிலும் இவ்வமைப்பு உண்டு. இதனோடு ஒட்டியது தன்திருத்தம். எழுத்து மாறி விழுந்த சொல்லை, இடைவெளி விட்டவுடன் பொறியே திருத்திவிடும். 1993-இல் வெளிவந்த வேர்டு 6.0 பதிப்பில் இது இடம்பெற்றது.

மற்றொன்று, நிறைவு முன்மொழிவு. இங்கே எழுதுபவர் எதையும் அமைத்து வைப்பதில்லை. தொடங்கிய சொல்லின் முடிவைப் பொறியே உய்த்துக் காட்டுகின்றது. இலிபிரே ஆபிசின் சொல்நிறைவு, எழுதப்படும் ஆவணத்திலிருந்தே சொற்களைத் திரட்டி, அவற்றையே மீண்டும் எடுத்துக் காட்டும். கைப்பேசி விசைப்பலகைகளோ, பிறர் எழுதிக் குவித்த பெருந்தொகையிலிருந்து கற்று, தொடங்கிய சொல்லை மட்டுமன்றித் தொடங்காத அடுத்த சொல்லையும் காட்டும். இன்று முழுத்தொடரையும் பத்தியையுமே முடித்து நீட்டும் பொறிகளும் வந்துவிட்டன.

முன்னதில் சொல்லைத் தேர்ந்தவர் எழுதுபவர். பொறி அதனை எடுத்துத் தருகின்றது. பின்னதில் சொல்லைத் தேர்வது பொறி, எழுதுபவர் ஒப்புகின்றார். முன்னது ஏவலாள். பின்னது அறிவுரைஞன், விழிப்பில்லாவிடில் நாளடைவில் ஆண்டானாகவும் ஆகிவிடும்.

குறுக்கம் தமிழர்க்குப் புதிதன்று

குறுக்கி எழுதுதலைக் கணினி கொண்டுவந்த புதுமை என்று எண்ண வேண்டுவதில்லை. ஓலையிலும் கணக்கேட்டிலும் தமிழர் நாளை ௳ என்றும், திங்களை ௴ என்றும், ஆண்டை ௵ என்றும் எழுதினர். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படி என்பதற்கு ௸ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டெழுத்து வைத்திருந்தனர். இக்குறிகள் 2003-இல் வெளிவந்த ஒருங்குறியின் 4.0 பதிப்பில் இடம்பெற்றன. கீழ்வாய் இலக்கங்களும் முகத்தல், நிறுத்தல் முதலிய அளவைக் குறிகளும் உள்ளிட்ட 51 குறிகள் 2019-இல் மேலும் சேர்ந்தன. எழுத்தாணி பிடித்த கைக்கும் களைப்புண்டு. ஓலைக்கும் அகலம் குறைவு. தேவை கண்ட இடத்துக் குறுக்கம் கண்டனர் முன்னோர்.

அதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. ஓலையில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. விடுபட்ட புள்ளியைப் படிப்பவர் தம் உள்ளத்தில் இட்டு நிறைவு செய்துகொண்டார். அந்நிறைவுக்கு இலக்கண அறிவும் பொருளறிவும் யாப்பறிவும் துணைநின்றன. மொழியறிந்தார் கையில் சுவடி வாழ்ந்தது. அறியாதார் படியெடுத்தபோது பாடம் சிதைந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதர் போன்றோர் சுவடிகளை ஒப்பிட்டு உண்மைப் பாடம் காண ஆண்டுக்கணக்கில் உழைத்தமைக்கு இந்நிறைவுச் சிக்கலும் ஒரு கரணியம்.

இதனால் பெறப்படுவது யாது? குறைத்தெழுதுதல் குற்றமன்று. நிறைவு செய்பவர்க்குத் தமிழ் தெரிந்திருத்தல் வேண்டும். ஓலைக்குப் பொருந்திய இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும்.

தமிழறிந்த நிறைவும் தமிழறியாத் திருத்தமும்

பொறியின் நிறைவு நன்றாய் அமைந்ததற்கு ஒரு சான்று தமிழ் 99 விசைப்பலகை. 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற அமைப்பு அது. அதில் ஒரே மெய்யின் விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் 'அம்மா' வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அவ்வாறே. ப, ந, த, உ என்று தட்டினால் 'பந்து' உருவாகும்.

இந்நிறைவை அமைத்தவர்கள் பிறர் எழுத்தில் எது மிகுதி என்று எண்ணிப் பார்த்து அமைக்கவில்லை. இனவெழுத்து, மெய்ம்மயக்கம் என்று தமிழிலக்கணம் வகுத்த நெறியையே பொறிக்குக் கற்பித்தனர். ஆகவே அது தமிழை வளைப்பதில்லை. 'வவ்வால்' போன்று புள்ளி வேண்டாத இடம் வந்தால், முதல் வகரத்துக்குப்பின் அகர விசையைத் தட்டி எழுதுபவர் பொறியைத் தடுத்துவிடலாம். உதவியும் உண்டு, தடுக்கும் உரிமையும் உண்டு. நல்ல கருவிக்கு இவ்விரண்டும் இலக்கணம்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் தமிழெழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்த்திய எழுத்துருக்களே வழங்கின. பாமினி எழுத்துரு அவற்றுள் ஒன்று. அதில் 'த' ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்தின் இடத்திலும், 'து' அதே எழுத்தின் பேரெழுத்திடத்திலும் அமர்ந்திருந்தன. ஆங்கிலத்திற்கென்று அமைந்த சொற்செயலிகளில், தொடரின் முதலெழுத்தைத் தானே பேரெழுத்தாக்கும் தன்திருத்தம் இருந்தது. விளைவு என்ன? தொடரின் தொடக்கத்தில் 'தமிழ்' என்று எழுதினால், பொறி அதனைத் 'திருத்தி'த் 'துமிழ்' ஆக்கிற்று! தமிழின் பெயரையே பிழையாக்கியது பகைமையன்று, அறியாமை. தன்முன் எழுதப்படுவது தமிழ் என்பதே அப்பொறிக்குத் தெரியாது. தன்திருத்தத்தை நிறுத்தி வைத்த பின்னரே அன்று தமிழ் எழுத முடிந்தது.

ஒருங்குறி வந்தபின் அவ்விடர் நீங்கிற்று. துமிழ் போயிற்று. ஆனால் எழுத்தைக் கெடுத்த அறியாமை இப்பொழுது சொல்லைத் தொடும் இடத்திற்கு நகர்ந்துள்ளது.

எண்ணிக்கையே அளவுகோலா?

அடுத்து வருவதை உய்த்து அருகில் வைக்கும் கருத்து, சொற்செயலிக்கும் முந்தியது. பல்லாயிரம் எழுத்துகள் கொண்ட சீனமொழியில் அச்சுக்கோத்தல் பெருந்தொல்லை. 1950-களின் தொடக்கத்தில் கைபெங் நகரத்து அச்சுக்கோப்பாளர் ஒருவர், ஒருங்கே வரும் எழுத்துகளை ஒருங்கே அடுக்கி வைத்து, மிக விரைவாய்க் கோக்கும் வழி கண்டார். அன்றைய அரசியல் முழக்கங்களில் அடுத்தடுத்து வந்த எழுத்துகளும் அவ்வாறே அருகருகே அமர்ந்தன. வழக்கமான தொடர் கைக்கெட்டும் அண்மையில் இருக்கும். வழக்கமல்லாத தொடருக்குக் கை நெடுந்தொலைவு செல்ல வேண்டும். இன்றைய முன்மொழிவுப் பொறியின் உட்கருத்தும் இதுவே. எது மிகுதியாய் வழங்குகின்றதோ அது அருகில் வரும்.

அதற்குச் சொல்லின் பிறப்புத் தெரியாது. எது தமிழ், எது வேற்றுச்சொல் என்று தெரியாது. இரண்டு சொற்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணிக்கை ஒன்றே. இதனால் வரும் தீங்கை ஓர் எண்ணிப்பார்ப்பால் அறியலாம்.

1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய காலத்தில் கூட்டத் தலைவரை 'அக்கிராசனர்' என்றனர். செயலாளர் 'காரியதரிசி'. தேர்தலில் நிற்பவர் 'அபேட்சகர்'. சொற்பொழிவு 'பிரசங்கம்'. பல்கலைக்கழகம் 'சர்வகலாசாலை'. அக்காலத்தில் இத்தகைய முன்மொழிவுப் பொறி ஒவ்வொரு தமிழர் கையிலும் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 'கூட்டத்தின்' என்று எழுதிய அளவில் 'அக்கிராசனர்' என்று அது முன்வந்து நின்றிருக்கும். 'தேர்தலில் நிற்கும்' என்றவுடன் 'அபேட்சகர்' என்று காட்டியிருக்கும். தவறு செய்ததென்று அதனைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைய இதழ்களில் மிகுதியாய் வழங்கியவை அச்சொற்களே.

தலைவர், செயலாளர், வேட்பாளர், சொற்பொழிவு, பல்கலைக்கழகம் என்பன இன்று எல்லார் வாயிலும் வழங்குகின்றன. எதிர்ப்பாளரும் இவற்றையே எழுதுகின்றனர். எண்ணிக்கையின் துணையால் இவை வரவில்லை. எண்ணிக்கையை எதிர்த்து வந்தன. ஒரு சிலர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வரியிலும் வழக்கிலிருந்ததை ஒதுக்கி, வழக்கில் இல்லாததை எழுதினர். சிறுபான்மையின் பிடிவாதம் ஒரு தலைமுறையில் பெரும்பான்மையின் வழக்கமாயிற்று. நேற்றைய எண்ணிக்கையை இன்றைய முன்மொழிவாகவும், இன்றைய முன்மொழிவை நாளைய எண்ணிக்கையாகவும் சுழற்றும் பொறியில் அத்தகைய மாற்றத்திற்கு வாயில் குறுகுகின்றது. இன்று கலப்புத் தமிழே மிகுதியாய் எழுதப்படுமாயின், பொறி நாளை நீட்டுவதும் கலப்புத் தமிழே. இதுவே அஞ்சத்தக்கது.

தேடும் நொடி

எழுதுபவர் ஒரு சொல்லுக்காக நிற்கும் நொடி ஒன்றுண்டு. கை நிற்கும், உள்ளம் தேடும். 'உதாரணம்' என்பது முதலில் நாவுக்கு வரும். 'எடுத்துக்காட்டு' சற்றுப் பின்னர் வரும். பழகிய வேற்றுச்சொல் முன்னும், தன்மொழிச் சொல் பின்னும் வருவது அடிமைப்பட்ட மொழிகளுக்கெல்லாம் நேர்ந்த நிலை. தனித்தமிழ் எழுதுபவர் எல்லாரும் அந்த ஒரு நொடியில்தான் தனித்தமிழராகின்றனர். முதலில் வந்ததை ஒதுக்கிப் பின்வருவதற்குக் காத்திருக்கும் பயிற்சியே தனித்தமிழ்ப் பயிற்சி.

முன்மொழிவுப் பொறி அந்த நொடியைத்தான் எடுத்துக்கொள்கின்றது. உள்ளம் தேடத் தொடங்குமுன்னரே ஒரு சொல்லைக் கண்முன் நிறுத்தி, தேடலைத் தேவையற்றதாக்குகின்றது. தேடாத உள்ளத்தில் சொல் தங்காது. நாளடைவில் எடுத்துக்காட்டு என்னும் சொல் அகரமுதலியில் இருக்கும்; எழுதுபவர் நினைவில் இராது.

அவ்வாறாயின் கருவியையே வெறுத்து ஒதுக்கலாமா? அதுவும் பொருந்தாது. கையியக்கம் குறைந்தோர்க்கு ஒவ்வொரு விசைத்தட்டும் ஒரு போராட்டம். அவர்கள் பிறர் துணையின்றி எழுத இந்நிறைவுக் கருவி பெரும்பேறாய் அமைந்துள்ளது. நாள் முழுதும் தட்டச்சிடும் எழுத்தர்க்கு அது கைவலியைக் குறைக்கின்றது. பயனுள்ள கருவியைத் தமிழர் துறந்தால் இழப்புத் தமிழர்க்கே. துறக்க வேண்டுவது கருவியையன்று. கருவியிடம் ஒப்படைத்த தேர்வுரிமையை.

செய்யத்தக்கவை

முதலாவது, குறுக்க விரிப்பைத் தனித்தமிழுக்கே படையாக்குக. தூய தமிழ்ச்சொல் நீளமானது, எழுத நேரமாகும் என்பது நெடுநாளைய மறுப்பு. தமிழ் 99 விசைப்பலகையில் 'உதாரணமாக' என்பதற்கு 8 தட்டு. 'எடுத்துக்காட்டாக' என்பதற்கு 13 தட்டு. மறுப்பாளர் கணக்கு சரியே. ஆனால் 'ழெ' என்னும் குறுக்கத்திற்கு 'எடுத்துக்காட்டாக' என்று அமைத்துவிட்டால், ழகரம், எகரம், எஃப்3 என்று 3 தட்டில் முடிந்தது. வேற்றுச்சொல்லைவிடத் தமிழ்ச்சொல் விரைவாய் வந்துவிட்டது! நீளம் என்னும் சாக்கு இனி இல்லை.

இரண்டாவது, குறுக்கத்தை எவ்வாறு அமைப்பது என்பதற்கும் தமிழிலக்கணமே வழி காட்டுகின்றது. 'கை' என்பதைக் 'கையெழுத்து' என விரியுமாறு தன்திருத்தத்தில் அமைத்தால், பின்னர்க் 'கை' என்று எழுதும்போதெல்லாம் கையெழுத்து வந்து நிற்கும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் 8 மெய்வரிசைகளும் மொழிக்கு முதலில் வாரா என்பது இலக்கண நூலார் துணிபு. ஆகவே ழகரத்தாலோ றகரத்தாலோ தொடங்கும் குறுக்கம் எந்தத் தமிழ்ச்சொல்லோடும் மோதாது. மேற்காட்டிய 'ழெ' அவ்வாறு அமைந்ததே.

மூன்றாவது, தமிழ் ஈறுகளை ஏற்று நடக்கும் மொழி. மரம் என்பது மரத்தை, மரத்தால், மரத்திற்கு, மரத்தின் என்று திரியும். தன்திருத்தம் இடைவெளி விட்ட பின்னரே விரிவதால், ஈற்றைச் சேர்க்க இடைவெளியை அழித்துப் பின்செல்ல வேண்டும். எஃப்3 விரிப்பில் அத்தொல்லை இல்லை. விரிந்த சொல்லோடு ஈற்றை ஒட்டியே எழுதலாம். ஆனால் 'தமிழ்நாடு' என்று முழுமையாய் விரித்து 'இல்' சேர்த்தால் 'தமிழ்நாடுஇல்' என்று புணர்ச்சி கெடும். ஆகவே 'தமிழ்நாட்' என்றும் 'இயக்கத்' என்றும் ஈறேற்கும் வடிவத்தையே இரண்டாம் குறுக்கமாய் அமைக்க. பின்னர் டில், டை, டிற்கு என்றும், தை, தால், தின் என்றும் எழுதினால் சொல் வழுவின்றி முடியும்.

நான்காவது, சொல்நிறைவுக் கருவியைப் பயன்படுத்துவோர் அது எங்கிருந்து கற்கின்றது என்று அறிந்து பயன்படுத்துக. எழுதுபவரின் ஆவணத்திலிருந்தே திரட்டும் கருவி ஒரு கண்ணாடி. தூய தமிழ் எழுதினால் தூய தமிழே திருப்பிக் காட்டும். பிறர் தொகுப்பிலிருந்து கற்ற கருவி அவ்வாறன்று. அது நீட்டும் சொல்லை ஏற்குமுன் 'இது எண்ணிய சொல்தானா' என்று ஒரு முறை உசாவுக. கற்கும் பருவத்துச் சிறார் எழுதும்போது அடுத்த சொல்லைக் காட்டும் அமைப்பை நிறுத்தியே வைக்க. சொல்லைத் தேடிப் பழகாத சிறார்க்குச் சொல் சேராது.

ஐந்தாவது, தனியொருவர் பட்டியல் தனியொருவரோடு முடியும். பலர் கூடித் தொகுத்தால் அது மொழியின் உடைமையாகும். இதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று போதும். அங்கேரியில் ஒரு கோடிக்கும் குறைவான மக்களே வாழ்கின்றனர். அவர்கள் மொழியும் தமிழைப் போல ஈறுகளை அடுக்கிச் சொல்லாக்கும் ஒட்டுமொழி. ஆங்கிலத்துக்கென அமைந்த பிழைதிருத்தி அதற்குப் பொருந்தவில்லை. வேறெவரோ செய்து தருவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இலாசுலோ நேமெத் என்பார் சொல்லடியையும் ஈற்றையும் பகுத்தறியும் 'அன்சுபெல்' என்னும் பிழைதிருத்தியை ஆக்கினார். அங்கேரிய மொழிக்கென்று பிறந்த அக்கருவி இன்று இலிபிரே ஆபிசிலும் பயர்பாக்சு உலாவியிலும் அமர்ந்து பன்மொழிகளுக்குத் தொண்டு செய்கின்றது. தன்மொழியின் தேவையைத் தானே நிறைவு செய்தவன் உலகுக்கும் உதவினான்.

தமிழர்க்குச் சொல்வளம் குறைவன்று. 1974-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநராய் அமர்ந்து, சொல்லாய்வுக்கே வாழ்ந்து 1981-இல் மறைந்தார் பாவாணர். அவரும் அவர் வழிவந்தோரும் தொகுத்த சொற்கள் ஏட்டில் உள்ளன. ஏட்டிலுள்ள சொல் விரல்நுனிக்கு வர வேண்டும். ஒவ்வோர் ஊர்த் தமிழ் மன்றமும் தத்தம் துறைச்சொற்கள் நூறனைத் தேர்ந்து, குறுக்கப் பட்டியலாக்கிப் பிறர்க்கு விலையின்றி வழங்கினால் போதும். ஆசிரியர் பள்ளிச்சொற்களையும், வழக்குரைஞர் மன்றச்சொற்களையும், வணிகர் கடைச்சொற்களையும் தொகுக்கலாம். பொறிக்குக் கற்பிக்கும் பொறுப்பு அப்பொழுது தமிழர் கைக்கு வந்துவிடும்.

பொறி கற்பதெல்லாம் மாந்தர் எழுதியதிலிருந்தே. ஆகவே இன்று ஒருவர் எழுதும் ஒவ்வொரு தூய தமிழ்ச்சொல்லும் நாளைய பொறியின் கணக்கில் ஒன்றாய் ஏறுகின்றது. சோம்பலால் ஒப்பிய ஒவ்வொரு வேற்றுச்சொல்லும் அவ்வாறே ஏறுகின்றது. முன்னோர் ஓலையில் இடாது விட்ட புள்ளியைப் படிப்பவர் தமிழறிவு நிறைவு செய்தது. இன்று திரையில் தொடங்கிய சொல்லையும் தமிழறிவே நிறைவு செய்க. விரைவைப் பொறி தரட்டும். சொல்லைத் தமிழரே தேர்க!